ரெயில் முன்னே, ஊர் பின்னே! மெட்ரோ பாதைக்கு 20 வருடம் முன்பே திட்டம் வேண்டும்

"எப்பய்யா இந்த வேலை முடியும்?"

மயிலாப்பூரிலும் வடபழனியிலும் கடை வைத்திருப்பவர்கள் பல வருடமாகக் கேட்ட கேள்வி இது. கடை வாசலை மறைத்துத் தகரத் தடுப்பு. வண்டி நிறுத்த இடம் இல்லை. பஸ்சும் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனது. வியாபாரம் எப்படி நடக்கும்?

எல்லாம் மெட்ரோ ரெயில் 2-ம் கட்ட வேலைக்காகத்தான். மூன்று பாதைகள், மொத்தம் 118.9 கிலோ மீட்டர். செலவு 63 ஆயிரத்து 246 கோடி ரூபாய். அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். மத்திய மந்திரிசபை ஒப்புதல் கிடைத்ததோ 2024 அக்டோபரில்தான்!

இவ்வளவு பணம், இவ்வளவு அவதி ஏன்? ஊர் நெருக்கமாகிவிட்ட பிறகு ரெயில் வருவதால்தான்.

1931-ல் நடந்தது

கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. அந்த நாளில் சைதாப்பேட்டையைத் தாண்டினால் வயலும் ஏரியும்தான் அதிகம். தியாகராய நகரே ஏரியைத் தூர்த்து அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ரெயில் முன்னே போனது. வீடும் கடைத்தெருவும் பின்னே வந்தன. இன்றைக்கு மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அதன் பலனை அனுபவிக்கிறவர்தான்.

பறக்கும் ரெயில் கதை வேறு. கடற்கரையில் இருந்து சேப்பாக்கத்துக்கு 1995-ல் ஓடியது. மயிலாப்பூருக்கு 1997-ல் வந்தது. வேளச்சேரியை எட்டியபோது 2007! அதற்குள் அங்கே ஏரிக்கரை வரை வீடு வந்துவிட்டது.

மெட்ரோ முதல் கட்ட வேலை 2009-ல் தொடங்கியது. கோயம்பேடு - ஆலந்தூர் முதல் ரெயில் 2015 ஜூனில் ஓடியது. 45 கிலோ மீட்டரும் முடிந்தது 2019 பிப்ரவரியில். தோண்ட மட்டும் 10 வருடம். அதற்கு முன் அளப்பது, பணம் தேடுவது, அனுமதி வாங்குவது என்று தனிக் கணக்கு.

அவசரம் ஆகாது

சீக்கிரம் தோண்டினால் என்ன என்று கேட்கலாம். சென்னை மண் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் களிமண், மணல். கொஞ்சம் தள்ளினால் கருங்கல் பாறை. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் சுரங்க வேலை நடந்தபோது ரோடு உள்வாங்கி, ஒரு மாநகர பஸ்சும் காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளை, பயணிகள் தப்பினார்கள்.

ஆகவே வேகமாகத் தோண்டுவது வழி அல்ல. முன்கூட்டியே யோசிப்பதுதான் வழி.

கிளாம்பாக்கம் பாடம்

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரெயில் நிலையம் இல்லை! மெட்ரோவும் விமான நிலையத்தோடு நின்றிருந்தது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியவர்கள் குழந்தை குட்டி, மூட்டை முடிச்சோடு பஸ் மாறிப் போனார்கள். பஸ் நிலையத்துக்கு இடம் பார்த்தபோதே ரெயிலுக்கும் சேர்த்துக் காரியத்தை முடித்திருந்தால் இந்த அலைச்சல் உண்டா?

முன்யோசனை பலித்ததும் உண்டு. ஆலந்தூரில் இரண்டு மெட்ரோ பாதைகளையும் ஒரே நிலையத்தில் இரண்டு அடுக்காகக் கட்டினார்கள். மாடி ஏறினால் அடுத்த ரெயில். ரோட்டில் இறங்கி அலைய வேண்டாம். 2-ம் கட்டத்தில் ஆற்காடு சாலையிலும் சுமார் 4 கிலோ மீட்டருக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாதைக்குத் திட்டம் போட்டார்கள்.

இனி வளரப்போகும் ஊர்களுக்கும் இதுதான் தேவை. காலி இடம் இருக்கும்போதே பாதைக்கும் நிலையத்துக்கும் நிலம் ஒதுக்க வேண்டும். மனை விற்றுத் தீர்ந்த பிறகு கோடு போட்டால் வீட்டையும் கடையையும் இடிக்கத்தான் வேண்டிவரும்.

இன்று கோடு போட்டால், இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வேலைக்குப் போகும்போது ரெயில் ஓடும். "எப்ப முடியும்?" என்று கேட்பது நியாயம். "அடுத்தது எங்கே?" என்பதையும் இப்பவே கேட்டு வைக்கணும்!