வெள்ளம் ஏன் வருது? பாடம் பக்கத்துலயே இருக்கு!

பெரும்பாக்கம்: எந்த டிகிரி படித்தாலும் சுற்றுச்சூழல் பேப்பர் கட்டாயம். 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவுதான் இதற்குக் காரணம். பல்கலைக்கழக மானியக்குழு 2003-ல் வகுத்த பாடத்திட்டத்திலேயே களப்பணிக்கு 100-க்கு 25 மார்க். குளம், பறவை, பூச்சிகளை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஆனால் கைடைப் பார்த்து ரெக்கார்டு நோட்டை நிரப்புகிறவர்களும் உண்டு.

பெரும்பாக்கம் மாணவர்களுக்கு அந்த அவசியமே இல்லை. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022-ல் சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்துதான், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. அந்த வழி அடைபட்டால்? 2015-லும் 2023-லும் தெருவில் நின்ற வெள்ளத்தை ஏரியாவாசிகள் மறக்கவில்லை.

எங்கே அடைப்பு என்று மழைக்கு முன்னாடியே மாணவர்கள் குறித்து வைத்தால், அதைக் காட்டி மக்கள் மனு கொடுக்கலாமே!