குழாயை எடுத்தால் ஏறும் விகிதம்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் 1 முக்கியமான நாள். மருத்துவமனையில் இருக்கும்போது வரும் தொற்றுகள், பிற பாதிப்புகளின் கணக்கில் கடைசிக் கால் பங்கில் நிற்கும் மருத்துவமனைகளுக்கு, அன்று தொடங்கும் நிதியாண்டு முழுவதும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தரும் தொகையில் 1 சதவீதம் வெட்டப்படும். சிறுநீர் வடிக்கச் செருகும் குழாயான கதீட்டரால் வரும் சிறுநீர்த் தொற்றும் இந்தக் கணக்கில் சேரும். ‘தொற்று விகிதம் குறைவு என்றால் பாதுகாப்பான மருத்துவமனைதானே?’ என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறார்கள். அப்படி முடிவுகட்டிவிட முடியாது.

எதைத் தொற்று என்பது என்பதே அதிகாரிகள் வகுத்த வரையறைதான். கதீட்டர் தொடர்ந்து 2 நாளுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் பாக்டீரியா 1 லட்சமாவது வேண்டும். காய்ச்சல் போன்ற அறிகுறியும் வேண்டும். கேண்டிடா போன்ற பூஞ்சைகள் 2015-இல் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவை பெரும்பாலும் நோயாக மாறுவதில்லை என்ற காரணம் நியாயமானதே. ஆனால் அந்த ஆண்டுக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் அருகருகே வைத்து ‘குறைத்துவிட்டோம்’ என்றால் ஏற்பதற்கில்லை.

இதைவிடக் கவலை தருவது வகுக்கும் எண். தொற்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுப்பதில்லை. கதீட்டர் இருந்த மொத்த நாட்களால் வகுக்கிறார்கள். 1,000 கதீட்டர் நாட்களில் 3 தொற்று என்று வைத்துக்கொள்வோம், 1,000 நாளுக்கான விகிதம் 3. தேவையற்ற குழாய்களையெல்லாம் எடுத்து நாட்களை 500 ஆக்கினால் தொற்று 2 ஆகிறது. விகிதமோ 4-க்கு ஏறுகிறது. ஒருவர் தொற்றிலிருந்து தப்பினார். மருத்துவமனைக்குக் கெட்ட பெயர். தேவையில்லாதவர்களுக்கும் குழாய் போட்டு வைத்திருக்கும் மருத்துவமனையோ நல்ல பெயர் வாங்கிவிடலாம். மெடிகேர் பயன்படுத்தும் அளவுகோலும் இதிலிருந்து தப்பவில்லை. அதில் வந்த தொற்றை ‘எதிர்பார்க்கப்படும் தொற்றால்’ வகுக்கிறார்கள், அந்த எதிர்பார்ப்பும் கதீட்டர் நாட்களை வைத்தே கணக்கிடப்படுகிறது.

பெரிய மருத்துவமனையையும் சிறியதையும் ஒப்பிட ஏதாவது ஒரு வகுக்கும் எண் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அதனால் விகிதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மொத்த நோயாளி நாட்களில் எத்தனை நாள் கதீட்டர் இருந்தது என்பதையும் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது என்னும்போது, அந்த நாட்களைக் குறைப்பவரைத் தண்டிக்கும் கணக்கு தவறானது.

கதீட்டர் பற்றி வாசகர்களின் மற்ற கேள்விகள்: முன்கூட்டியே ஆன்டிபயாடிக் எடுக்கலாமா? வழக்கமாக வேண்டாம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். சிறுநீர் சேரும் பை எங்கே இருக்க வேண்டும்? சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல். நாமே குழாயை இழுத்து எடுக்கலாமா? கூடவே கூடாது, உள்ளே ஊதியிருக்கும் பலூன் கிழித்துவிடும்.

உறவினர் படுக்கையருகே இருப்பவர்கள் தினமும் மருத்துவரிடம் கேளுங்கள்: ‘இந்தக் குழாய் இன்றைக்கும் வேண்டுமா?’