அணைந்த விளக்கும் அபாயமே

மும்பை மாநகரின் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய பத்மினி டாக்சி, 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாளோடு விடைபெற்றுக்கொண்டது. அவ்வினத்தில் கடைசி டாக்சி தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது 2003 அக்டோபர் 29-ஆம் நாள். இந்நகரில் டாக்சிக்கு விதித்த ஆயுள் 20 ஆண்டு, கணக்குத் தீர்ந்தது. வால்சந்த் ஹிராசந்த் அவர்களின் முயற்சியால் 1944-இல் நிறுவப்பட்ட பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, இத்தாலி நாட்டு பியட் 1100 வண்டியை நம் அண்டையிலுள்ள குர்லாவில் செய்துவந்ததும், அதுவே பின்னர் 'பிரீமியர் பத்மினி' என்னும் நாமம் பூண்டதும் இப்பக்கத்துப் பெரியவர்கள் அறிந்த செய்தியே.

ஆனால் விடைபெற்றது டாக்சிதான். சொந்த உபயோகத்துக்கான வண்டியின் முதற்பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. ஆகவே மாதுங்காவின் பழைய கட்டடங்களிலும் செம்பூர்க் காலனிகளின் மரநிழலிலும் துணிப்போர்வைக்குள் பத்மினிகள் சில இன்றும் துயில்கின்றன. தகப்பனார் பணி ஓய்வுத் தொகையில் வாங்கியது, தங்கையின் திருமணத்துக்கு மலர்சூடிச் சென்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. இவற்றுக்கு வர்ணம் பூச வீட்டார் பணம் செலவிடுகிறார்கள். இருக்கைக்குப் புது உறை தைக்கிறார்கள். சாரதியின் கண்ணெதிரே உள்ள மீட்டர் பெட்டியின் பின்புறம் ஓடும் ஒயர்களை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விளக்கு எரியவில்லை என்றால், "நல்லதுதானே, தொந்தரவு இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த எண்ணந்தான் எத்துணை அபாயமானது என்று சொல்லவே இதனை எழுதலானோம்.

நாம் ரயில்வே அலுவலகத்தில் பேரேட்டின் முன் அமர்பவர். எஞ்சினின் வயிற்றைத் திறந்து பார்ப்பவரல்லர். எனினும் கைகாட்டிகளின் நடுவே காலந்தள்ளுவதால் ஒரு பேதம் நமக்குப் பளிச்சென்று தென்படுகிறது. 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் கண்ட முறைப்படி, தண்டவாளத்தின் இரு இரும்புகளின் வழியே சிறு மின்னோட்டம் சதா ஓடிக்கொண்டிருக்கும். ரயில் வந்து நின்றால் அதன் சக்கரங்களும் அச்சும் குறுக்கே பாலமிட, மின்சாரம் அப்பாலுள்ள ரிலேயை அடையாமற் போகும். உடனே சிவப்பு தோன்றும். ரயிலே வராமல் கம்பி அறுந்துபோனாலும் அதே சிவப்புத்தான். அதாவது, ரயில்வேயில் பழுது நேர்ந்தால் அது அபாயம் என்றே அறிவிக்கும். வண்டி சற்றுத் தாமதமாகும், பிரயாணிகள் நம்மை வைவார்கள், உயிர் தப்பும்.

பழைய மோட்டார் வண்டியில் நடப்பது இதற்கு நேர் எதிர். எஞ்சினின் உடலில் திருகப்பட்ட ஆயில் சுவிட்ச், எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் தன்னுள் தொடுப்பை மூடும். அப்பொழுதுதான் மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். ஒயர் அறுந்தாலோ குமிழ் பீஸானாலோ சுவிட்ச் என்ன கத்தினாலும் விளக்கு மௌனந்தான். எண்ணெய் வற்றி எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். முகப்போ 'யாவும் நலம்' என்னும்.

செம்பூர் அன்பர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. குடும்பத்தோடு லோனாவ்லா செல்லும் வழியில், கண்டாலா மலையேற்றத்தில் வண்டி முனகி நின்றது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆயில் பம்பு சில காலமாகவே தளர்ந்திருந்திருக்கிறது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் விளக்கு ஓயாமல் மினுக்குகிறது என்று வழியோர மெக்கானிக் ஒருவரிடம் முறையிட, அவர் ஒயரையே பிடுங்கி நாடா சுற்றிவிட்டிருந்தார். விளக்கு அணைந்தது, அன்பரும் மகிழ்ந்தார். மலைச்சாலையின் ஓரத்தில், கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் காத்திருந்த மனைவியார் அந்த மகிழ்ச்சியை இன்னும் நினைவூட்டுகிறாராம்.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் செய்யவேண்டிய முதற்காரியம் காசில்லாதது. சாவியை ஒரு படி திருப்புங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டா. ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிந்தாக வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் இரண்டும் அணைந்தாக வேண்டும். சார்ஜ் விளக்கின் சங்கதி சுவையானது. அதன் ஒரு முனையில் பாட்டரி, மறுமுனையில் டைனமோ. டைனமோ சுழன்று பாட்டரிக்கு ஈடாக வோல்டேஜ் தந்தவுடன், இருபுறமும் சமமாகிவிட்ட துலாக்கோல் போல் ஓட்டம் நின்று விளக்கு அணைகிறது. ஆல்டர்னேட்டர் பொருத்திய சில வண்டிகளில் இந்தக் குமிழின் வழியாகவே அதற்குத் தொடக்க மின்சாரம் செல்வதால், குமிழ் பீஸானால் பாட்டரிக்குச் சார்ஜே ஏறாமற் போவதும் உண்டு.

நிற்க. பழுது பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் வேலை செய்யும் திருநெல்வேலிச் சீமைப் பெரியவர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அமர்ந்து நாம் பார்த்தறிந்தவை இவை. மீட்டரைக் குறைகூறிக்கொண்டு வருவோர் அனைவர்க்கும் அவர் சொல்லும் விடை ஒன்றே: "மொதல்ல எர்த்தைப் பாருங்க தம்பி. மீட்டர் எங்கயும் ஓடிப்போகாது."

அண்ணாச்சியின் வாக்கு பெரும்பாலும் பலிக்கிறது. பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் விளக்கையும் மானிகளையும் கடந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்பவேண்டும். மீட்டர் பெட்டியை உடலோடு இணைக்கும் அந்த ஒற்றை எர்த் ஒயரின் முனை துருப்பிடித்தால் மின்சாரம் வழியின்றித் தவிக்கும். வேறு குமிழ்களின் வழியே பின்னோக்கிப் புகுந்து வெளியேற முயலும். இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் கூடவே ஆடுவதும், முகப்பு விளக்கை ஏற்றினால் சம்பந்தமில்லாத விளக்குகள் மங்கலாக எரிவதும் இதனாலேதான். பேய் பிடித்தது போன்ற இக்கோலத்தைக் கண்டு மீட்டரையே மாற்றுவோர் பலர். புது மீட்டரும் அதே ஆட்டம் ஆடும். மும்பையின் கடற்காற்றும் நான்கு மாத மழையும் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடுகின்றன. சென்னைவாசிகளுக்கும் இது பொருந்தும். எர்த் முனையைக் கழற்றி, அடியிலுள்ள வர்ணத்தைப் பளபளவென இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, புது வளையமுனை பொருத்தி இறுக்கி, மேலே சிறிது வாஸலைன் தடவினால் பாதி நோய்கள் அன்றே தீரும்.

மீட்டரைக் கழற்றும் முன் பாட்டரியின் எர்த் முனையை விலக்கிவிட வேண்டும். பின்புறம் வேகமானிக்கு வரும் முறுக்குக் கேபிளைத் திருகி எடுக்கவேண்டும். இதில் மின்சாரம் கிடையாது, கியர்ப் பெட்டியின் சுழற்சியையே முள்ளுக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வோர் ஒயரிலும் எண் எழுதிய நாடாவை ஒட்டிய பின்னரே பிடுங்குதல் நலம். நிறத்தை நம்பலாகாது. முப்பது ஆண்டுகளில் எத்தனை கைகள் புகுந்தனவோ! நீலம் வேண்டிய இடத்தில் மஞ்சள் இருக்கும். பிற்காலத்தில் சி.என்.ஜி. பொருத்தப்பட்ட வண்டியானால், அதற்கான சுவிட்சுக்கும் விளக்குகளுக்கும் நடுவழியில் ஒட்டுப்போட்டு இழுத்த கம்பிகளும் சிக்கலில் சேர்ந்திருக்கும். சில பழைய வண்டிகளில் வெப்பமானிக்கு ஒயரே இல்லாமல், உள்ளே திரவம் அடைத்த மெல்லிய செப்புக் குழாயொன்று எஞ்சினிலிருந்து வரும். அதை ஒயரென்று கருதி வெட்டினால் மானி போயிற்று.

ஆயில் விளக்கைச் சோதிப்பது மிகச் சுலபம். பாட்டரியை மீண்டும் இணைத்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் அருகே ஆயில் சுவிட்சில் செருகிய ஒயரைக் கழற்றி வெற்று இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் ஒயரும் குமிழும் நலம், குற்றம் சுவிட்சில். எரியாவிடில் குமிழைப் பார்த்து, பின் ஒயரைச் சோதனை விளக்கால் சாண் சாணாகத் தொடரவேண்டும். அறுந்த இடத்தில் வெறுமனே முறுக்கி நாடா சுற்றும் வழக்கத்தை நாம் ஒப்புக்கொள்ளோம். ஈயப்பற்று வைத்து மேலே சுருங்குகுழாய் மாட்டவேண்டும். மாற்று ஒயருக்கு 14 இழை, இழையொன்று 0.30 மில்லிமீட்டர் கனமுள்ளது என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு அது. மீட்டருக்கு அது தாராளம்.

பியூஸ் விஷயத்தில் மாத்திரம் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பியட் வகை வண்டிகளின் பியூஸ் தோட்டா வடிவில், வெளியே உலோகப்பட்டை தெரிய இருக்கும். இரு முனைகளும் களிம்பேறித் தொடுப்பு விடுவது வழக்கம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பியூஸ் மெய்யாகவே எரிந்துபோனால் காரணத்தைத் தேடவேண்டும். மீட்டர் குமிழொன்று 3 வாட். 12 வோல்ட்டில் அது இழுப்பது கால் ஆம்பியர். பத்துக் குமிழ் எரிந்தாலும் இரண்டரை ஆம்பியர்தான். 8 ஆம்பியர் பியூஸ் எரிகிறதென்றால் எங்கோ ஒயர் தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது என்பதே பொருள். அதை விடுத்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அப்பொழுது எரியவேண்டிய பியூஸுக்குப் பதிலாக ஒயரே எரியும்; அந்த ஒயரோ மீட்டரின் பின்னே, பிள்ளைகள் முன்னிருக்கையில் கால்நீட்டும் இடத்துக்கு ஒரு முழந்தூரத்தில் ஓடுகிறது.

வேலை முடிந்ததும் எந்த எண் எங்கே செல்கிறதென்று ஒரு தாளில் வரைந்து வண்டியின் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். குமிழ், வளையமுனை, பியூஸ் முதலியவை எந்த மோட்டார் உதிரிக்கடையிலும் அகப்படும்; பழைய ஆயில் சுவிட்சுக்கும் முழு மீட்டருக்கும் குர்லா சி.எஸ்.டி. சாலைப் பக்கம் தேடிப்பார்க்கலாம். வாங்கச் செல்கையில் பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும் திருகுமறை மாறுபட்டால் எண்ணெய் கசியும்.