டிராக்டரில் எண்ணெய் விளக்கு எரிகிறதா? மெய்யா, பொய்யா என்று கண்டறியுங்கள்

சேறடிக்கும் பருவத்தில் வயல் நடுவே டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எண்ணெய்க் குவளைப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. என்ஜின் சத்தத்தில் மாறுதல் இல்லை. எண்ணெயும் போதிய அளவு இருக்கிறது. "இந்த லைட்டு சும்மாவே எரியும்" என்று சொல்லி மேலும் ஓட்டுபவர்கள் உண்டு. கண்ணை உறுத்துகிறதென்று கம்பியையே கழற்றி விடுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. எண்ணெய் அழுத்தம் மெய்யாகவே குறைந்திருந்தால் சில நிமிட ஓட்டத்திலேயே பேரிங்குகள் தேய்ந்து உருகி, கிராங்க் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். என்ஜினைப் பிரித்து வேலை முடித்துக் கொண்டு வருவதற்குள் நடவுப் பருவம் கடந்துவிடும்.

ஆகவே விளக்கு எரிந்தவுடன் என்ஜினை நிறுத்துங்கள். வரப்பு வரை ஓட்டிச் சென்று நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். சற்றுப் பொறுத்து, எண்ணெய் கீழிறங்கிய பின் அளவுகோலை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகிப் பாருங்கள். வண்டி சாய்ந்து நின்றால் அளவு சரியாகத் தெரியாது. எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் விளக்கு சொன்னது மெய்யே. மேல்கோட்டைத் தாண்டி ஏறி, டீசல் வாடையும் வீசினால், எண்ணெயில் டீசல் கலந்து நீர்த்துப் போயிருக்கிறது. "எண்ணெய் கூடுதலாகத்தானே இருக்கிறது" என்று மகிழ வேண்டாம்; கலந்த வழியைக் கண்டு அடைத்து, புது எண்ணெய் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

அளவு சரியாக இருந்தால் அடுத்தபடியாகச் சுவிட்சைக் கவனிக்க வேண்டும். என்ஜினின் பக்கவாட்டில், பெரும்பாலும் எண்ணெய் வடிகட்டிக்கு அருகில், கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்சு திருகப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒற்றைக் கம்பி விளக்குக்குச் செல்லும். என்ஜின் ஓடாதபோது சுவிட்சு அக்கம்பியை என்ஜின் உடலோடு இணைத்து வைத்திருக்கும். அதனால் சாவி போட்டதும் விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடி, எண்ணெய் அழுத்தம் ஏறியதும் உள்ளேயுள்ள மெல்லிய தகடு தள்ளப்பட்டு இணைப்பு விலகும், விளக்கு அணையும். சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 முதல் 10 பவுண்டு அழுத்தத்திலேயே பல சுவிட்சுகள் விலகிவிடும். ஆதலால் இவ்விளக்கு எரிவது அழுத்தம் சிறிது குறைந்ததற்கு அல்ல, ஏறக்குறைய இல்லாமலே போனதற்கு அடையாளம்.

இப்போது சோதனை. கியரை நடுநிலையில் வைத்து, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள்; விளக்கு எரியும். சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றி, இரும்பில் படாமல் பிடியுங்கள். சைலன்சர் சூடாக இருந்தால் கை பத்திரம். கம்பியைக் கழற்றிய பின்னும் விளக்கு எரிந்தால், கம்பி வேறெங்கோ உறை கிழிந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். பொய் விளக்குக்கு இதுவும் ஒரு காரணம். வைக்கோல் அடைத்த கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் எலி கடித்திருக்கும். சைலன்சர் அருகே சென்ற கம்பியின் உறை உருகியிருக்கும். கம்பியைத் தொடர்ந்து சென்று, பழுதான துண்டை வெட்டிப் புதிய கம்பி இணைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, சூட்டுக்கு எட்டாமல் கட்டுங்கள்.

கழற்றியதும் விளக்கு அணைந்தால், குற்றம் சுவிட்சில் இருக்கலாம், அழுத்தத்திலும் இருக்கலாம். சுவிட்சின் முனையில் எண்ணெய் கசிந்திருந்தால் உள்தகடு கிழிந்துவிட்டது. ஆயினும் சுவிட்சையே பழி சொல்லி முடிவு கட்ட வேண்டாம். மெக்கானிக்கிடம் சொல்லி, சுவிட்சைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, கையேட்டில் குறித்த அளவு வருகிறதா என்று பார்க்கச் செய்யுங்கள். சில நிமிட வேலைதான். அளவு வந்தால் புது சுவிட்சு மாட்டினால் போதும். திருகும்போது மரையில் டேப்பை மிகுதியாகச் சுற்ற வேண்டாம்; மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது.

என்ஜின் சூடேறிய பின், மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு மின்னி, வேகம் கூட்டினால் அணைகிறதா? இதைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். எண்ணெய் நீர்த்திருக்கலாம், அல்லது பேரிங்கும் எண்ணெய் பம்பும் தேய்ந்திருக்கலாம்.

இதைவிடக் கெட்ட பொய் ஒன்றுண்டு: எரிய வேண்டிய விளக்கு எரியாமலிருப்பது. சாவி போட்டதும் விளக்கு எரியவில்லையானால், சுவிட்சுக் கம்பியைக் கழற்றி, துருவில்லாத என்ஜின் இரும்பில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்சு பழுது. எரியாவிட்டால் பல்பையும் ஃபியூசையும் கம்பியையும் பாருங்கள். பழைய டிராக்டர் வாங்கப் போகும்போது இதை முதலில் பாருங்கள். அழுத்தம் இல்லாத வண்டியை விற்பவர் பல்பைக் கழற்றி வைத்திருக்கவும் கூடும்.

பாட்டரிப் படம் போட்ட விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அதுவும் வெறும் பாட்டரிக் கோளாறு என்று விட வேண்டாம். பல டிராக்டர்களில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் என்ஜின் கொதித்துவிடும்.

மேற்சொன்ன கம்பிச் சோதனை ஒற்றைக் கம்பிச் சுவிட்சுக்கு மட்டுமே பொருந்தும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதிகள் வந்தபின் விற்கப்படும் வண்டிகள் பலவற்றில் கணினிப் பெட்டியும் பல கம்பிகள் கொண்ட உணர்விகளும் உள்ளன. அவற்றின் கம்பியை இரும்பில் தொட்டால் கணினிப் பெட்டி கெடலாம். என்ஜினை நிறுத்தி, எண்ணெய் அளவைப் பார்த்ததோடு நின்று, கம்பெனி மெக்கானிக்கை அழையுங்கள்.