சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காரைக்காலில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்குச் சளிதான். "நெஞ்சு கொறகொறங்குது டாக்டர்" என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கொறகொறப்பு பல நேரம் வெறும் மூக்குச் சளி. நிமோனியாவைப் பிடிக்கக் காதைவிடக் கண்ணும் கடிகாரமும் உதவும்.

அழாத, பால் குடிக்காத நேரமாகப் பார்த்துச் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். முழுதாக ஒரு நிமிடம். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது. கைக்குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலே வேக மூச்சுதான்.

இந்தக் கணக்கில் நம் ஊருக்கும் பங்குண்டு. பப்புவா நியூகினியில் ஃபிராங்க் ஷான் தொடங்கிவைத்த ஆராய்ச்சியை, வேலூர் சி.எம்.சி.யில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் தொடர்ந்தார்கள். ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 என்று 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதியவர்கள் அவர்கள். "பிள்ளைக்கு இரைக்குது" என்று தாய் சொல்வதும் நம்பத்தக்க அறிகுறியே என்று அதே ஆய்வு கண்டது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

எண்ணிக்கை நோயைக் காட்டும். கடுமையைச் சொல்ல வேறு குறிகள் வேண்டும். மூச்சை இழுக்கையில் விரிய வேண்டிய நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிகிறதா? இந்தக் குறி மட்டும் இருந்தால், அமாக்சிசிலின் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் தளர்த்தியது. அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பால் இறங்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு என்றால் பேச்சே இல்லை, ஆஸ்பத்திரிதான். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு வேக மூச்சோ நெஞ்சுக் குழிவோ இருந்தாலும் அப்படியே. நம் மாநிறத்தில் உதடு நீலம் பூப்பது சட்டென்று தெரியாது. அதனால்தான் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். அது காட்டும் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி என்றதும் புதுச்சேரிக்கு ஓட வேண்டியதில்லை. அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நடுவே தமிழக மாவட்டங்கள். உள்ளூரிலேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஆட்டோ பிடிக்கும் முன், எண்ணியதைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டால் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிள்ளை துவண்டு கிடந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்புங்கள்.