ரூபாய்க்கு 456 காசு

பழைய நாணயம் சேர்ப்பவர்களில் பலருக்குப் பொன்னும் வெள்ளியும்தான் குறி. திருவிதாங்கூர் நாணயம் என்றால் அனந்தராயன் பணத்தையும் வெள்ளி அரை ரூபாயையும் தேடுவார்கள். செப்புக் காசை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நாட்டுச் சாதாரண சனங்கள் எப்படி வாங்கி விற்றார்கள் என்பதற்கு இந்தச் சில்லறையைவிட நல்ல சாட்சி கிடையாது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம், அதாவது 456 காசு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலியில் அதே ரூபாய்க்கு 192 பைதான். ஒரு பைக்கு இரண்டு காசுக்கு மேலேயே வரும். அவ்வளவு சிறிய தொகைக்கும் ஒரு நாணயம் அடிக்க வேண்டியிருந்தது என்றால், அவ்வளவு சிறிய தொகைக்கும் அங்கே வியாபாரம் நடந்திருக்கிறது.

காசு உண்டியலுக்கும் தானத்துக்கும்தான் பயன்பட்டது, கடைத்தெருவுக்கு அல்ல என்று சொல்லலாம். ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் தானத்துக்கு ஒற்றைக் காசு போதுமே. 4 காசும் 8 காசும் எதற்கு? கால் சக்கரம், அரைச் சக்கரம் என்று படிப்படியாக அடித்தது மீதி கொடுக்கத்தான். சக்கரப்பலகையும் இதைத்தான் காட்டுகிறது. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. விரலால் எண்ணி மாளாது. சின்னச் சின்னக் குழிகள் வெட்டிய மரப்பலகையில் சக்கரங்களை அள்ளிப்போட்டுக் குலுக்குவார்கள். குழிக்கு ஒன்றாக உட்கார்ந்ததும் மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். அள்ளி எண்ணும் அளவுக்குச் சில்லறை புழங்கிய நாடு அது. இதெல்லாம் அரசுக் கணக்கேடுகளிலேயே இருக்கிறதே என்பார்கள். ஏடு விகிதத்தைச் சொல்லும். எது கைமாறிக் கைமாறித் தேய்ந்தது என்பதைக் காசுதான் சொல்லும்.

அடையாளம் காண்பதும் கடினமில்லை. திருவிதாங்கூரின் சின்னமான சங்கை முதலில் தேடுங்கள். 4 காசு, 8 காசுகளில் ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும். ஆர், வி மட்டும் இருந்தால் மூலம் திருநாள் ராமவர்மா காலம், 1885 முதல் 1924 வரை. முன்னால் பி சேர்ந்திருந்தால் சித்திரைத் திருநாள் பாலராமவர்மா காலம். அரை ரூபாயில் உள்ள ஆண்டு கொல்லம் ஆண்டு. 1107 என்றிருந்தால் 825 கூட்டி ஏறத்தாழ 1932 என்று கொள்ளலாம். இப்படி எழுத்தைப் பார்த்துப் பிரிப்பது வேறு நாட்டிலும் உண்டு. ஜெர்மனியில் யூரோவுக்கு முந்தைய பெனிக் நாணயத்தில் ஆண்டோடு, அடித்த ஊரைக் காட்டும் எழுத்தும் உண்டு; டி என்றால் மியூனிக், ஜே என்றால் ஹம்பர்க். கோடிக்கணக்கில் அடித்த மலிவான காசு அது. ஆனாலும் அதை எழுத்து வாரியாகப் பிரித்துச் சேர்க்கிறார்கள். நம் செப்புக் காசுக்கும் அந்தப் பொறுமையைக் காட்டலாம்.

கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. தமிழ்க் குடும்பங்களிலும் இந்தக் காசு இருக்கக்கூடும். அகத்தியமலை அடிவாரத்துப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம் திருவிதாங்கூர் மண்ணில் இருந்தது. தமிழகத்திலிருந்து போன குடும்பங்கள் அங்கே உழைத்தன. கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. இந்த ஊர்களில் பாட்டியின் பெட்டியில் காசோ சக்கரமோ அகப்பட்டால் புளி போட்டுத் துலக்காதீர்கள். தேய்ந்த எழுத்தும் போய்விடும். ஒரு காகித உறையில் போட்டு, எந்த ஊர், யார் வீட்டுக் காசு என்று மேலே எழுதி வையுங்கள்.