சேற்றில் தங்கும் கரி

கொற்கையில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடற்கரை சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப்போய்விட்டது. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இப்போது வயல் சூழ்ந்த ஒரு சிற்றூர். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது பானை ஓடுகளோடும் சங்கு அறுத்த துண்டுகளோடும் கொஞ்சம் மரக்கரியும் கிடைத்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைச் சோதித்தார்கள். விடை கி.மு. 785, சுமார் நூறாண்டு முன்பின்னாக.

முத்துக்குப் பேர்போன ஊரில் அறிஞர்கள் கொண்டாடியது ஒரு கரித்துண்டை. என்ன மரம், எதற்கு மூட்டிய தீ என்பதெல்லாம் இருக்கட்டும். அந்த மரம் 2,800 ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்த கரி, திரும்பக் காற்றுக்குப் போகாமல் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான். மரம் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். உறிஞ்சிய கரி எவ்வளவு காலம் வெளியே வராமல் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வயதைக் கண்டுபிடிக்கும் முறையே தாவரத்தின் மூச்சை நம்பித்தான் இருக்கிறது. வான்மண்டலத்தின் உயரத்தில் அண்டக் கதிர்கள் மோதி, கதிரியக்கமுள்ள கார்பன்-14 கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. அதுவும் கரியமில வாயுவாகி இலைக்குள் போகிறது. மரம் உயிரோடு இருக்கும்வரை உள்ளே வரவு உண்டு. வெட்டிய அன்று வரவு நின்றுவிடும். அதன்பிறகு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை கார்பன்-14 பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் எப்போது வெட்டுப்பட்டது என்று தெரிந்துவிடும். இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழியில் இருந்த நெல்லுக்கும் இப்படித்தான் கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள். 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

இலையில் நடப்பது இதுதான். இலையின் அடியில் உள்ள நுண்துளைகள் வழியே கரியமில வாயு நுழைகிறது. ரூபிஸ்கோ என்ற நொதி அதைப் பிடித்துக் கொடுக்க, வெயிலின் சக்தியில் சர்க்கரை உருவாகிறது. அந்தச் சர்க்கரையில் ஏறக்குறைய பாதியைச் செடி தன் உயிரை வைத்துக்கொள்ளவே செலவழித்துவிடுகிறது. பகலிலும் இரவிலும் அது நம்மைப் போலவே சுவாசித்துக் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று பாட்டிமார் மிரட்டியதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். திறந்த வெளியில் அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. பூட்டிய அறையில் பக்கத்தில் குறட்டை விடும் மனிதர்தான் அதைவிட அதிகம் விடுகிறார். மீதிப் பாதி சர்க்கரைதான் இலை, தண்டு, வேர், விதை ஆகிறது. நன்றாகக் காய்ந்த ஒரு டன் விறகில் சுமார் அரை டன் கார்பன் இருக்கும். அது காற்றில் இருந்தபோது ஏறக்குறைய 1.8 டன் கரியமில வாயு.

பூமி முழுக்க இந்த மூச்சு தெரிகிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் சார்லஸ் கீலிங் தொடங்கிவைத்த அளவீட்டில், ஒவ்வொரு மே மாதமும் காற்றில் கரியமில வாயு உச்சத்துக்குப் போகிறது. வட அரைக்கோளத்துக் காடுகள் தழைத்ததும் செப்டம்பர் வாக்கில் சரிகிறது. ஆனால் ஏறிய அளவுக்கு இறங்குவதில்லை. 1958இல் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்தது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

உறிஞ்சிய கரி எவ்வளவு காலம் தங்கும் என்ற கேள்விக்கு வருவோம். உடன்குடிப் பக்கம் இறக்கும் பதநீரில் இருப்பது, சில நாள் முன்புவரை பனையோலையைச் சுற்றியிருந்த காற்றின் கரி. காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கார்பன்தான். காபியில் போட்டுக் குடித்த சில மணி நேரத்தில் அது நம் மூக்கு வழியே திரும்பக் காற்றுக்குப் போய்விடும். காய்ச்சும்போது அடுப்பில் எரிந்த ஓலையும் மட்டையும் அதற்கு முன்பே போய்விட்டன. விளாத்திகுளம் பக்கத்துக் கரிமூட்டங்களில் சீமைக்கருவேலம் அதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்: நாலைந்து வருஷம் வளர்ந்து, மூட்டத்தில் வெந்து, ஏதோ ஒரு நகரத்துப் பரோட்டாக் கடையில் முடியும். பனங்கையாகிக் கூரையேறிய வைரம் பாய்ந்த மரம் தாத்தா காலத்தையும் பேரன் காலத்தையும் பார்த்துவிடும். கறையான் மட்டும் ஏறாமலிருக்க வேண்டும். எல்லாம் ஒரே கரிதான், தங்கும் காலம்தான் வேறு.

அதிக காலம் தங்க வேண்டுமானால் கரி ஆக்சிஜனுக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். இந்தக் கடற்கரையில் அப்படி இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், பழையகாயல் பக்கத்து அலையாத்திக் காடு. வற்றம் வந்தபின் அங்கே காலை வைத்தால் முழங்கால்வரை புதையும். கறுப்புச் சேறு, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். முகத்தைச் சுளிக்க வைக்கும் அந்த நாற்றம்தான் நல்ல சேதி. மேலே சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். ஆக்சிஜன் இல்லாததால் கடல்நீரில் உள்ள சல்பேட்டை வைத்துச் சில பாக்டீரியாக்கள் மெதுவாகக் காலத்தை ஓட்டுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு வாடை அவற்றிலிருந்து வருகிறது. உதிர்ந்த இலையும் செத்த வேரும் காட்டுத்தரையில் என்றால் சில வருஷத்தில் மக்கிக் காற்றோடு போகும். இங்கே மக்கும் வேலை நூற்றாண்டுக் கணக்கில் இழுக்கும். மூச்சுத் திணறும் இந்தச் சேற்றில் வேர் பிழைப்பதற்காக அலையாத்தி தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. பக்கத்து நிலத்தில் உப்பளமோ இறால் பண்ணையோ வந்து சேறு காய்ந்துவிட்டால், உள்ளே காற்று புகும். அதுவரை சேர்ந்தது கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும்.

இரண்டாவது இடம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம்வரை நீளும் 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளைச் சுற்றிய ஆழம் குறைந்த தரையில் கடல்புல் வளர்கிறது. பலர் இதைப் பாசி என்று நினைத்துவிடுகிறார்கள். பாசிக்கு வேர் கிடையாது. கடல்புல்லுக்கு வேர், தரைக்குள் ஓடும் தண்டு, பூ, விதை எல்லாம் உண்டு. நிலத்தில் வாழ்ந்து பிறகு கடலுக்குத் திரும்பிய பூக்கும் தாவரம் அது. ஹாலோபிலா ஓவாலிஸ் என்ற இனத்தின் இலை கட்டைவிரல் நகம் அளவுதான். சிரிங்கோடியம் இலை சேமியா போல உருண்டை. தெளிந்த தண்ணீரில் உச்சி வெயில் இறங்கும்போது இலை ஓரத்தில் ஆக்சிஜன் குமிழ்கள் வரிசையாக ஒட்டி நிற்பதை முக்குளிப்பவர்கள் பார்ப்பார்கள்.

தண்ணீரில் கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஆகவே கடல்புல் அதை மட்டும் நம்பாமல், கடலில் தாராளமாகக் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. இலைகள் நீரோட்டத்தைத் தளர்த்துவதால், மிதந்து வரும் மிதவை உயிரித் துணுக்கும் ஆற்று வண்டலும் இலைக்கூட்டத்துக்குள் படிந்துவிடுகின்றன. உலக அளவில் பார்த்தால் கடல்புல் தரையில் புதையும் கரியில் ஏறக்குறைய பாதி, வேறெங்கிருந்தோ வந்ததுதான். உள்ளே புதைந்தபிறகு அலையாத்திச் சேற்றின் கதைதான் இதற்கும்.

மழைக்காட்டைவிட 35 மடங்கு வேகமாகக் கடல்புல் கரியைச் சேமிக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இந்த எண்ணைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது மண்ணுக்குள் புதையும் வேகத்தை மட்டும் ஒப்பிட்ட கணக்கு. காட்டில் மேலே நெடிதுயர்ந்து நிற்கும் மரத்தின் கரி அதில் சேரவே இல்லை. 2012இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, கடல்புல் தரையின் மேல் ஒரு மீட்டரில் ஹெக்டேருக்கு 140 டன் அளவில் கார்பன் இருப்பதாகச் சொன்னது. அதையும் அப்படியே நம்மூருக்கு எடுத்துவந்துவிட முடியாது. மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்ற புல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பல மீட்டர் தடிமனில் தன் வேரையே பாய் போல அடுக்கி வைத்திருக்கிறது. நகம் அளவு இலை வைத்த ஹாலோபிலாவிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெருக்கிச் சொன்னால்தான் கடல்புல்லுக்கு மரியாதை என்றில்லை. ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கு அதுதான் சாப்பாடு, மீன் குஞ்சுக்கு அதுதான் தொட்டில். கரிக்கணக்கு இல்லாவிட்டாலும் காப்பாற்ற வேண்டியதுதான்.

முத்தும் இந்தக் கணக்குக்குள் வருகிறது, எதிர்த்திசையில். முத்தும் சிப்பியும் சங்கும் பவளப்பாறையும் கால்சியம் கார்பனேட். எடையில் 12 சதவீதம் கார்பன். அப்படியானால் தொள்ளாயிரம் பார் போன்ற முத்துச்சிப்பிப் படுகைகள் கரியைப் புதைத்து வைக்கும் இடங்கள்தானே என்று தோன்றும். வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. ஓடு கட்டும்போது சிப்பி இரண்டு பைகார்பனேட்டை எடுத்து ஒன்றை ஓடாக்குகிறது, மற்றொன்று கரியமில வாயுவாகிறது. கடல்நீர் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டாலும், ஓட்டில் போன ஒவ்வொரு பங்குக்கும் 0.6 பங்கு அளவில் கரியமில வாயு மிஞ்சுகிறது. கழுத்தில் தொங்கும் முத்து காற்றின் கரியைக் குறைக்கவில்லை, துளி கூட்டியே இருக்கிறது. சிப்பியும் பவளமும் மலிந்த கடல்புல் தரைகளில் நிகர வரவு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

பவளத்துக்கு நாம் செய்த கொடுமை வேறு. சுண்ணாம்புக்கும் ஆலைக்குமாகப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். அலையைத் தடுக்க ஆளில்லாமல் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது, வான் தீவு தேய்ந்துவிட்டது. தீவின் மறைவில் வளரும் கடல்புல்லுக்கும் அதனால் இடி.

இனி துறைமுகத்துக்கு வருவோம். ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறித் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்குகிறது. அந்த நிலக்கரியாக மாறிய, இன்று பூண்டற்றுப்போன குளோசாப்டெரிஸ் மரங்கள் சதுப்பில் விழுந்து, ஆக்சிஜன் எட்டாத சேற்றில் புதைந்து 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புன்னைக்காயல் சேற்றின் மூத்த வடிவம் என்றே அதைச் சொல்லலாம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் நிறுவுதிறன் 1,050 மெகாவாட். ஐந்து அலகும் முழு மூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 2.52 கோடி யூனிட். நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஒரு கிலோ கரியமில வாயு என்று வைத்தால் நாளொன்றுக்கு 25,000 டன். தமிழ்நாட்டின் அலையாத்திப் பரப்பு, 2021 வன அறிக்கைப்படி, 45 சதுர கிலோமீட்டர். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 டன் கார்பன், அதாவது 7 டன் கரியமில வாயு, சேற்றில் புதைகிறது என்று தாராளமாகவே வைப்போம். பிச்சாவரம், முத்துப்பேட்டை எல்லாம் சேர்த்து ஓராண்டில் புதைப்பது 31,500 டன். அந்த ஒரே நிலையத்தின் ஒன்றேகால் நாள் புகை. மரம் நட்டுப் புகையைச் சரிக்கட்டிவிடலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இதே ஊரில் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2016இல் வேறொரு வழியைக் கையாண்டது. தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து சோடா உப்பாக்கும் ஏற்பாடு அது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கலாம் என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. சாமர்த்தியமான வேலைதான். ஆனால் அந்தச் சோடாவைக் கண்ணாடித் தொழிற்சாலையில் மணலோடு சேர்த்து உருக்கும்போது கரியமில வாயு முழுவதும் வெளியேறிவிடும். கருப்பட்டியைவிடச் சில மாதம் கூடுதலாகத் தங்கியது, அவ்வளவே.

அழிந்த கடல்புல்லைத் திரும்ப நடுகிறார்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், சணல் கயிறு கட்டிய சதுரச் சட்டங்களில் கடல்புல் நாற்றைக் கோத்து, முக்குளித்துத் தரையில் பதிக்கிறார்கள். சணல் மக்குவதற்குள் வேர் பிடித்துவிடும். பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் சட்டமும் தென்னங்கயிறும் வைத்து இதே வேலை நடக்கிறது. பச்சை சீக்கிரம் தெரியும், கரி சீக்கிரம் சேராது. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையில் விதைத்து வளர்த்த கடல்புல், இயற்கைத் தரையின் வேகத்தில் கரியைப் புதைக்கப் பன்னிரண்டு ஆண்டுபோல ஆகும் என்று அளந்திருக்கிறார்கள். வேகம்தான் அது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த இருப்பு அல்ல.

அந்த இருப்பைக் கலைக்க இழுவைமடிக்கு ஒரு மணி நேரம் போதும். மடியின் அடியில் உள்ள சங்கிலி வேரோடு வாரிவிட, கலங்கிய சேறு மேலே எழுந்து ஆக்சிஜனைப் பார்க்கிறது, பாக்டீரியா மிச்சத்தை முடிக்கிறது. விசைப்படகுகள் கரையோரத்தில் குறிப்பிட்ட எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலிருந்தே சொல்கிறது. கடல்புல் தரைகளில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. கரிச் சேமிப்புக்கென்று பணம் வந்தால் முதல் செலவாக நான் நாற்றைச் சொல்லமாட்டேன், ரோந்துப் படகின் டீசலைச் சொல்வேன்.